தெய்வத்தின் பேரில் ஒரு கையெழுத்து

சிவகாசியில் கோர்ட்டுக்குப் போகும் தெருவில் மெகருன்னிசாவின் கடையைத் தெரியாத குமாஸ்தா கிடையாது. டைப்பிங், ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு என்று போர்டில் மூன்று வேலை எழுதியிருந்தாலும் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது மூன்றாவதுதான். விருதுநகரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். ஆறு வருசம் மெட்ரிக் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பரீட்சைத் தாளில் மார்க்கைத் திருத்தச் சொன்ன தாளாளரோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். கிரயப் பத்திரமோ லாரி ஒப்பந்தமோ கோர்ட் பிராதோ எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், வக்கீலுக்கு மட்டும் புரிகிற இங்கிலீஷை வண்டிக்காரனுக்கும் புரிகிற தமிழாக்கித் தந்துவிடுவாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காளீஸ்வரன் கடைக்கு வந்தான். வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர். உட்காராமலேயே மூன்று தாளை மேசையில் வைத்தான்.

“மேடம், இது அவசரம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்ல வேணும். ஏழு காப்பி.”

ஏழு என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை அந்தக் கம்பெனியில் ஓர் அறை வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்தவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் செத்துப் போனார்கள். நாலு பேர் இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த அறையின் சுவரில் ‘ஆட்கள் 4’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததை, பாதி நின்ற சுவரோடு பேப்பரில் படமாகவே போட்டிருந்தார்கள்.

“என்ன பத்திரம் இது?”

“சமரசப் பத்திரம். நாளைக்குக் காலையில மண்டபத்துல வச்சு ஏழு குடும்பமும் கையெழுத்துப் போடுறாக. முதலாளி தாராளமாப் பணம் தர்றாக. நீங்க சும்மா தமிழ்ல போட்டுக் குடுங்க, போதும்.”

அவன் டீ குடிக்கப் போனான். மெகருன்னிசா வேலையைத் தொடங்கினாள்.

முதல் இரண்டு தாளில் சிக்கல் இல்லை. மூன்றாவது தாளில், நான்காவது வரியில் கை நின்றது. ‘மேற்படி சம்பவம் ஃபோர்ஸ் மெஜூர் காரணமாக நேர்ந்தது என்பதைக் குடும்பத்தார் மனமார ஒப்புக்கொண்டு, இது தொடர்பாக நிறுவனத்தின் மீது எந்தக் குறையும் சொல்வதில்லை என்றும், முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம் என்றும்’ என்று வரி நீண்டது.

அவளுக்குப் புதிய வார்த்தை இல்லை அது. லாரி ஒப்பந்தத்தில் வரும், பேப்பர் வாங்குகிற ஒப்பந்தத்தில் வரும். கொரோனா காலத்தில் ஊரில் உள்ள அத்தனை ஒப்பந்தத்திலும் வந்தது. ‘தவிர்க்க இயலாத இடர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். இன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. ஆட்கள் நாலு என்று எழுதிய சுவரை அவள் பார்த்திருக்கிறாளே.

காளீஸ்வரன் திரும்பி வந்தபோது அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டாள்.

“இதுக்குத் தமிழ்ல என்ன போடட்டும்?”

“அதுவா? போர்ஸ் மேஜர். ‘தெய்வச் செயல்’னு போடுங்க. வக்கீலே அப்படித்தான் போடச் சொன்னாரு. அவுகளுக்கும் சட்டுனு புரியும் பாருங்க.”

“தெய்வச் செயல்னா?”

“தெய்வச் செயல்னா தெய்வச் செயல்தான் மேடம். மனுசன் கையில என்ன இருக்கு? நேரம் வந்துச்சு, நடந்துருச்சு.”

“நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்புல பதினோரு பேரை உக்கார வச்சது யாரு?”

காளீஸ்வரனின் முகம் மாறவில்லை. இந்த மூன்று வாரத்தில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டு அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

“அது உள்குத்தகைக்காரன் பண்ணுன வேலை. சீசன் டயத்துல ஆர்டர் நெருக்குச்சுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். உங்களுக்கெதுக்கு அது? உங்க வீட்டுல பாய் எப்படி இருக்காக? தீபாவளி லேபிள் ஆர்டர் இந்தத் தடவையும் அவுகளுக்குத்தான்னு முதலாளி சொன்னாக. அதைச் சொல்லத்தான் நினைச்சேன்.”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

மெகருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட வராது. காது மடல் சுடும். வாய் இறுகிப்போகும். அன்றைக்கு அந்தச் சூடு கழுத்துவரை இறங்கியது. வந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, பீரோவிலிருந்து பழைய சட்ட அகராதியை இறக்கினாள். போனிலும் தேடினாள்.

வார்த்தை இங்கிலீஷே இல்லை, பிரெஞ்சு. நேராகச் சொன்னால் ‘மேலான வலு.’ ஒரு மனுசனின் வலுவை மிஞ்சிய வலு. நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய சிவில் சட்டத்தில் இருந்தது. இங்கிலீஷ்காரர்களிடம் ‘கடவுள் செயல்’ என்று ஒன்று முன்னமே இருந்தது. அது புயலுக்கும் வெள்ளத்துக்கும் மட்டும்தான் உதவும். யுத்தம், கலகம் என்று மனுசனால் வருகிற தடங்கலையும் சேர்க்க ஒரு வார்த்தை தேவைப்பட்டதால், நூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் பிரெஞ்சை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது சொந்தச் சரக்கில்லை. வேர் ரோமாபுரியில் இருந்தது. அங்கே சத்திரத்துக்காரனிடமும் கப்பல்காரனிடமும் ஒரு பொருளை ஒப்படைத்தால் அதற்கு அவன்தான் முழுப் பொறுப்பு. கப்பல் கவிழ்ந்தாலோ, கடற்கொள்ளைக்காரன் பாய்ந்தாலோ, ‘என் வலுவை மிஞ்சிவிட்டது’ என்று அவன் சொல்லலாம். வேறு எதைச் சொல்லியும் தப்ப முடியாது.

அதைச் சொல்வதற்கும் நிபந்தனை உண்டு. வந்த வலு வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வரும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தாலும் தடுத்திருக்க முடியாது என்று இருக்க வேண்டும்.

படிக்கப் படிக்க அவளுக்கு ஆத்திரம் கூடியது. வார்த்தை நல்ல வார்த்தைதான். ஒப்படைத்ததைக் காப்பாற்றுவது கடமை என்று சொல்லிவிட்டு, பாவம் என்று ஒரே ஒரு சின்ன வாசலைத் திறந்துவைத்த வார்த்தை. அந்த வாசல் வழியாக இவர்கள் ஒரு லோடு லாரியை ஓட்டப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து எது வந்தது அங்கே? வெடிமருந்தும் அவர்களுடையது, அறையும் அவர்களுடையது, ஆளை அடைத்ததும் அவர்கள்.

இரண்டாவது சொல்லைத் தனியாகவும் தேடிப் பார்த்தாள். ‘மெஜூர்: பெண்பால். பெரிய, மேலான.’ அதன் கீழே இன்னோர் அர்த்தம் இருந்தது. ‘சட்டப்படி வயது நிரம்பியவள்.’ மேஜர் ஆன பெண்.

அதைப் படித்தபின்தான் கடைசித் தாளின் அடியில் இருந்த பட்டியலை அவள் ஒழுங்காகப் பார்த்தாள். செத்தவர்களின் பேர், தகப்பன் அல்லது புருசன் பேர், ஊர், வயது. ஐந்தாவதாக, ‘பிரீத்திகா, த/பெ அய்யாதுரை, ஆமத்தூர், 19.’

அந்தப் பேரை அவள் எங்கேயோ டைப் செய்திருக்கிறாள்.

ஞாபகம் வர நேரம் பிடிக்கவில்லை. போன வருசம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், தாயும் மகளுமாக ஆமத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ஆதார் அட்டையில் பேர் தப்பாக இருந்தது. பிளஸ் ஒன் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். தாய் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்து, “டீச்சர், ஐ போட்டுட்டீங்க. எனக்கு ரெண்டு ஈ வரணும். இதைத் திருத்தத்தானே வந்துருக்கோம், நீங்களும் அதையே போட்டா எப்படி?” என்று கேட்டாள். மெகருன்னிசா சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் அவளை டீச்சர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. மேசையில் இருந்த அகராதியைப் பார்த்து எப்படித் தெரிந்துகொண்டாளோ, அந்தப் பெண் அப்படித்தான் கூப்பிட்டாள்.

கம்ப்யூட்டரில் தேடினாள். விண்ணப்பம் இருந்தது. கூடவே பிறப்புச் சான்றிதழின் நகலும் இருந்தது. கணக்குப் போட்டாள். வெடித்த அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது எட்டு மாதம்.

மெகருன்னிசா எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். துடைக்காமலேயே வந்து உட்கார்ந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உபைதுல்லா வீட்டுக்கு வந்தான். அவள் புருசன். நாலு தெரு தள்ளி ஆப்செட் அச்சகம் வைத்திருந்தான். வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. நல்ல மனுசன், சத்தத்துக்குப் பயப்படுகிற மனுசன். காளீஸ்வரன் அவனிடமும் போய்விட்டுத்தான் போயிருக்கிறான் என்பது அவன் சோற்றைப் பிசைகிற விதத்திலேயே தெரிந்தது.

“அந்தப் பத்திரத்தை முடிச்சுட்டியா?”

“தெய்வச் செயல்னு போடச் சொல்றாக.”

“போட்டுக் குடுத்துரு. நீ போடலைன்னா விருதுநகர்ல இன்னொருத்தன் போட்டுக் குடுக்கப் போறான். நமக்கென்ன?”

“அப்ப அவன் போடட்டும்.”

உபைதுல்லா தண்ணீரை எடுத்துக் குடித்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: “மெகரு, அல்லாஹ் நாடுனதுதான் நடக்கும்னு நாமளும்தானே சொல்றோம். வாப்பா மவுத்தானப்ப நீயே சொல்லலையா? அதைத்தானே அவுகளும் சொல்றாக. அதுல என்ன தப்பு?”

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, வாப்பாவைப் பறிகுடுத்தவ நான். என் மனசை ஆத்த நான் சொல்லிக்கிட்டேன். பறிகுடுத்தவக சொல்ற வார்த்தைங்க அது. பறிச்சவன் சொல்லலாமா? மருந்தைக் குவிச்சு வச்சு, பதினோரு பேரை உள்ள அடச்சுட்டு, ஆண்டவன் செஞ்சான்னு எளுதிக் குடுக்கச் சொல்றான். பழியை யார் தலையில போடச் சொல்றான்னு பாத்தீகளா? அதையும் என் கையால போடச் சொல்றான்.”

“சத்தம் போடாத.”

“நான் சத்தம் போடவே இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயசு. பத்தொம்பதுன்னு போட்டிருக்கான்.”

உபைதுல்லாவின் கை தட்டில் நின்றது. “உனக்கெப்படித் தெரியும்?”

“என் கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“யார்ட்டயும் சொல்லாத” என்றான் அவன். சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது வெறும் பயம். அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “ரெண்டு மெஷின் கடன்ல ஓடுது. ஆறு பேரு நம்மள நம்பி வேலை பாக்காக. எனக்கு மட்டும் மனசு இல்லையா?” என்று சொல்லிக்கொண்டே அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? உபைதுல்லா சொன்னதுதான் நடக்கும். இன்னொருவன் தெய்வத்தைக் கூப்பிட்டு எழுதிக் கொடுப்பான். அதனால் அவள் வேலையைச் செய்தாள், ஒரு வரி விடாமல் செய்தாள். அந்த நான்காவது வரியை இப்படி எழுதினாள்: ‘இந்த விபத்து வெளியிலிருந்து வந்த, நிறுவனத்தால் முன்கூட்டி அறிய முடியாத, எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுத்திருக்க முடியாத ஒரு பெருவலுவால் நேர்ந்தது என்றும், நிறுவனத்தின் பேரில் தவறே இல்லை என்றும் குடும்பத்தாராகிய நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.’ வயதை மட்டும் மூலத்தில் உள்ளபடியே பத்தொன்பது என்று அடித்தாள். மொழிபெயர்க்கிறவளுக்கு மூலத்தைத் திருத்த உரிமை கிடையாது.

ஆறு மணிக்கு வந்த காளீஸ்வரன் நின்றபடியே படித்தான். நான்காவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

“என்ன மேடம் இது? இதைப் படிச்சா எவன் கையெழுத்துப் போடுவான்?”

“அதுல உள்ளதுதான் இதுல இருக்கு. ஒரு வார்த்தை கூடலை, குறையலை.”

“ரெண்டே வார்த்தை போடச் சொன்னேன். நீங்க என்ன, வக்கீலுக்கே பாடம் எடுக்கீகளா?”

“இங்கிலீஷ்ல தெய்வம்னே இல்லைங்க. இல்லாத தெய்வத்தை நான் எங்கன இருந்து கொண்டாரது?”

காளீஸ்வரன் ஏழு காப்பியையும் அவள் கண் முன்னால் குறுக்கே கிழித்தான். கிழித்ததைக் குப்பைக்கூடையில் போடாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, “பாய்ட்ட நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிப் போனான்.

மறுநாள் காலை மெகருன்னிசா கடையைத் திறக்கவில்லை. முந்தின நாளே எடுத்திருந்த பிறப்புச் சான்றிதழ் நகலையும் கிழிந்த தாள்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் இருந்த கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோவில் போனாள். போகிறேன் என்று உபைதுல்லாவிடம் சொன்னாள். அவன் தடுக்கவில்லை.

மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுவதுபோலவே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஏழு குடும்பத்தாரும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கம்பெனி வக்கீல் தங்கச்சாமியும் காளீஸ்வரனும் இருந்தார்கள். முதலாளி வரவில்லை. மூன்றாவது வரிசையில் இருளம்மாளைப் பார்த்தாள். போன வருசம் மகளுக்குப் பின்னால் பேசாமல் நின்ற அதே பெண். பக்கத்தில் அவள் புருசன் அய்யாதுரை, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கச்சாமி தமிழ்ப் பத்திரத்தைப் படிக்கத் தொடங்கினார். விருதுநகரில் யாரோ ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்திருந்தார்கள். “மேற்படி சம்பவம் முழுக்க முழுக்கத் தெய்வச் செயலால் நேர்ந்தது என்பதைக் குடும்பத்தார் மனமார…”

முன்வரிசையில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண் விம்மினாள். அதைப் பார்த்ததும் மெகருன்னிசாவால் உட்கார முடியவில்லை.

“அய்யா, இங்கிலீஷ் பத்திரத்துல அந்த இடத்துல என்ன இருக்குன்னு படிங்க” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். காளீஸ்வரன் பாதி எழுந்தான். “இவுக இந்தக் குடும்பம் எதுலயும் இல்லை. வெளியாளு.”

“வெளியாளுதான். இந்தப் பத்திரத்தை முதல்ல தமிழ்ல எளுதுனது நான்தான். நேத்து சாயங்காலம் இவரு கிழிச்சுப் போட்டாரு.” கைப்பையிலிருந்து கிழிந்த தாள்களை எடுத்துக் காட்டினாள். “அங்க இருக்குறது ஒரு பிரெஞ்சு வார்த்தை. அதுக்குத் தெய்வச் செயல்னு அர்த்தம் இல்லை.”

“அம்மா, சட்டத்துல அப்படித்தான் வழக்கம். உட்காருங்க” என்றார் தங்கச்சாமி.

அவள் உட்காரவில்லை. வக்கீலைப் பார்த்துப் பேசவும் இல்லை. நாற்காலிகளைப் பார்த்துப் பேசினாள்.

“ஒரு சத்திரத்துல உங்க மூட்டையை ஒப்படைக்கீக. அது தொலஞ்சா சத்திரத்துக்காரன்தான் பொறுப்பு. திடீர்னு வெள்ளம் வந்து சத்திரத்தையே அடிச்சுட்டுப் போயிருச்சுன்னா, ‘அய்யா, என் பலத்துக்கு மேல போயிருச்சு’ன்னு அவன் சொல்லலாம். அதுக்கு உள்ள வார்த்தைதான் இது. கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குனவன் இதைச் சொல்ல முடியாது. உங்க பிள்ளைகளை நீங்க காலையில கம்பெனி வேன்ல ஏத்தி ஒப்படச்சீக. அந்த ரூம்புக்கு எந்த வெள்ளம் வந்துச்சு? நாலு பேருன்னு சுவத்துல எளுதி வச்சிருந்தது அவுகளுக்குத் தெரியாதா? இதுல கையெழுத்துப் போட்டா, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, யாராலயும் தடுத்திருக்க முடியாதுன்னு நீங்களே சொன்னதா ஆகும். போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். தெரிஞ்சு போடுங்க.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. காளீஸ்வரன் இறங்கி வந்து அவள் முன்னால் நின்றான். “பொம்பளைன்னு பாக்கேன். வெளிய போங்க.”

அப்போதுதான் இருளம்மாள் எழுந்தாள்.

“ஏலே, அந்தக்கா மேல கை வச்சுராத” என்றாள். மேனேஜரை ‘சார்’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவள். “தெய்வமா செஞ்சது? எங்க மாரியாத்தாவா செஞ்சா? பங்குனிப் பொங்கலுக்கு என் பிள்ள தீச்சட்டி எடுத்தா. எரிஞ்ச தீயை அவ கையில பூவாக் குடுத்தவ ஆத்தா. ஒரு கொப்புளம் போடலையேலே! அந்த ஆத்தாளா என் பிள்ளையை அடையாளம் தெரியாம எரிச்சா? கால்ல கெடந்த கொலுசை வச்சுல்லா நான் தூக்கிட்டு வந்தேன். யார் பேர்ல பழி போட என்னைக் கூப்புட்டு உக்கார வச்சுருக்கீக?”

தங்கச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

“அன்னைக்குக் காலையில எனக்குப் போன் போட்டா. ‘யம்மா, ரூம்புல ஒக்கார எடமில்லை, மடியில வச்சுத்தான் வேலை பாக்கோம், வெக்கையா இருக்கு’ன்னா. போர்மேன்ட்ட சொல்லுன்னேன். சொன்னேம்மா, லோடு போகணும்னு வையிறாகன்னா. தெய்வம் வந்தா வஞ்சுச்சு?”

மெகருன்னிசா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பைக்குள்ளிருந்த நகலை எடுத்து அவளிடம் மட்டும் காட்டினாள். “இருளம்மா, பத்திரத்துல வயசு பத்தொம்பதுன்னு இருக்கு.” இதைச் சபையில் போட்டு உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பொய்யில் தாய்க்கும் பங்கு இருக்கும் என்று தெரியும்.

இருளம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. ஆனால் அது எது என்று தெரிந்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்:

“பத்தொம்பதுன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தவன் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. சொன்னது நான்தான். சனி, ஞாயிறு மட்டும் போறேம்மா, டியூசனுக்கு ஆகும்னா. நானும் சரின்னேன். அதுக்கு என்னை ஜெயில்ல போட்டாலும் போடட்டும். நான் செஞ்சதை நான் செஞ்சேன்னு சொல்றேன். நீங்க செஞ்சதை நீங்க செஞ்சோம்னு சொல்லுங்கலே!”

அய்யாதுரை தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தான். கையில் இருந்த பேனாவை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான். அவனுக்குப் பின்னால் தாயில்பட்டியிலிருந்து வந்த நாகையா எழுந்தார், பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். இன்னொரு குடும்பமும் எழுந்தது.

மற்ற நாலு குடும்பமும் எழவில்லை. முன்வரிசையில் கும்பிட்ட கிழவர் மெகருன்னிசாவிடம், “தாயி, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கோர்ட்டுக்கு அலைய எனக்குக் காலு இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்க் கைநாட்டு வைத்தார். அந்தக் கிழவர் மேல் கோபப்பட அவளுக்கு இடமில்லை. கோபம் முழுவதும் மேடையில் மை டப்பாவை நீட்டிக்கொண்டிருந்த கையின் மேல் இருந்தது.

அன்று மத்தியானமே இருளம்மாள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். பிறப்புச் சான்றிதழை இணைத்து, அந்தப் பிள்ளையின் ஆதார் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன் என்று மெகருன்னிசாவும் ஒரு வாக்குமூலம் கொடுத்தாள். வாங்க இழுத்தடித்தார்கள். மாலைவரை இரண்டு பேரும் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்து ரசீது வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பத்து நாளில் வழக்கில் குழந்தைத் தொழிலாளர் பிரிவும் சேர்ந்தது. கணக்குப்பிள்ளையைக் கைது செய்தார்கள். உள்குத்தகைக்காரன் முன்னமே உள்ளே இருந்தான். முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார்.

லேபிள் ஆர்டர் போயிற்று. உபைதுல்லா ஒரு மெஷினை நிறுத்தினான். இரண்டு வாரம் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அச்சகத்துக்கு வந்து, “உங்க வீட்டம்மா தெய்வத்தையே எதிர்த்துப் பேசிட்டாகளாமே” என்று நக்கலாகக் கேட்டபோது, மெஷினை அணைத்துவிட்டு, “தெய்வத்துக்காகத்தான்யா பேசுனா” என்று அவன் சொன்னதாக வேலைக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவன் அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பிடித்த குழம்பு வைத்தாள், அவ்வளவுதான்.

ஐப்பசியில் தீபாவளி முடிந்து ஊர் காலியாகக் கிடந்த ஒரு காலையில் இருளம்மாள் கடைக்கு வந்தாள். அவள் போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்கில் கம்பெனி கொடுத்த பதிலின் நகலைக் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷ்.

மெகருன்னிசா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினாள். காது மடல் சுட்டது.

“என்னக்கா? சொல்லுங்க.”

“இப்ப தெய்வத்தை விட்டுட்டாக. பிரீத்திகா கவனமில்லாம மருந்தைக் கையாண்டதாலதான் வெடிச்சதுன்னு எளுதியிருக்காக. அவ செல்போன் பேசிக்கிட்டே வேலை பாத்தாளாம்.”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. இருளம்மாள் கண்ணில் தண்ணீர் வரும் என்று மெகருன்னிசா பார்த்தாள், வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

“எடமில்லைன்னு சொல்லத்தான் என் பிள்ள எனக்குப் போன் போட்டா. என் போன்ல அது எத்தனை மணின்னு இருக்கும்லாக்கா?”

“இருக்கும்.”

“வெடிச்சது மூணே கால் மணிக்கு. அவ பேசுனது காலையில.”

“ஆமா.”

“அப்ப எளுதுங்க. நான் சொல்லச் சொல்ல எளுதுங்க. தமிழ்லயும் எளுதுங்க, இங்கிலீஷ்லயும் எளுதுங்க. ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரியாமப் போகக்கூடாது.”

மெகருன்னிசா புதுப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியில் பிரீத்திகா என்று அடித்தாள்.